மேகம், பார்க்கவில்லை

மீன் தின்ற கையைக் கழுவாமல் வந்து ஷூலா பதிவுப் பலகையைத் தொட்டான். லபாஷி நிமிர்ந்து பார்த்தான். ஈரக் களிமண்ணின் ஓரத்தில் ஷூலாவின் கட்டைவிரல் அப்படியே பதிந்து, அதன்மேல் எண்ணெய் மினுங்கியது.

"கையை எடுடா. மாட்டுக்குத் தண்ணி காட்டற தொட்டியா இது?"

"விடுங்கண்ணே, மண்ணுதானே. தடவினாப் போயிடும்," என்று சொல்லி ஷூலா விரலை வாயில் வைத்துச் சூப்பினான். நாக்கில் ஒரு முள் அகப்பட்டது. அதை எடுத்துத் தரையில் போட்டான்.

அது வெறும் மண் இல்லை. கோயிலின் வானப் பதிவு. நிலா எங்கே நின்றது, எந்தக் கோள் எந்த நட்சத்திரத்துக்கு எத்தனை முழம் எத்தனை விரல் தள்ளி நின்றது, மழை பெய்ததா, ஆற்றில் தண்ணீர் ஏறியதா இறங்கியதா, சந்தையில் வாற்கோதுமை என்ன விலை, தெருவில் நரி நுழைந்ததா என்று நாள் தவறாமல் எழுதி எழுதி முந்நூறு வருடமாகிறது. ராஜாக்கள் வந்தார்கள், போனார்கள், பாரசீகக்காரன் வந்து உட்கார்ந்தான், பதிவு நிற்கவில்லை. தினமும் கீழே ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பதால் அந்தந்த மாதப் பலகையை ஈரத்துணி போட்டுப் போர்த்தி வைப்பார்கள். புதுப் பிறை தெரிந்த மறுநாள் துணியை எடுத்துவிட்டு வெயிலில் வைப்பார்கள். காய்ந்தபிறகு அதில் ஒரு கீறலைக்கூட எவனாலும் மாற்ற முடியாது.

அந்தப் பதிவில் லபாஷிக்கு மிகவும் பிடித்த வரி ஒன்று உண்டு. 'மேகம், பார்க்கவில்லை.' முந்நூறு வருடத்தில் எத்தனை பேர் எத்தனை தடவை அதை எழுதியிருக்கிறார்கள்! மொட்டைமாடியில் குளிரில் விறைத்துக் காத்திருந்து, ஒன்றும் தெரியாமல் இறங்கி வந்து, ஒன்றும் தெரியவில்லை என்றே எழுதிய மனிதர்கள். பொய்யாக ஒரு கோளை நட்டு வைத்தால் யார் வந்து கேட்கப்போகிறார்கள்? ஆனாலும் வைக்கவில்லை. பாபிலோனில் உருப்படியான காரியம் அது ஒன்றுதான் என்பது லபாஷியின் எண்ணம். மற்றதையெல்லாம் பார்த்தால் அவனுக்குக் காறித் துப்பத்தான் தோன்றும்.

இன்றைய வரியும் அதுதான். கிஸ்லீமு மாதம், இருபத்தைந்தாம் நாள், கடைசி ஜாமம்: மழைமேகம், பார்க்கவில்லை. விடியுமுன் அவனே எழுதியது. அதற்குப் பக்கத்தில்தான் இப்போது மீன் எண்ணெய்.

ஷூலாவும் கோயில் வானக்காரன்தான். ஆனால் அவன் மாடியேறி மூன்று வருடமாகிறது. கீழே உட்கார்ந்தபடியே செய்ய ஒரு தொழில் அவனுக்கு அமைந்துவிட்டது. பிறப்புப் பலகை. பிள்ளை பிறந்த நேரத்தில் நிலா எந்த வீட்டில், செவ்வாய் எந்த வீட்டில், வியாழன் எந்த வீட்டில் என்று நாலு வரி. அதன் கீழே செல்வம் சேரும், சேராது, ஆயுள் நீளும், நீளாது என்று நாலு வரி. முன்பெல்லாம் வானம் ராஜாவோடு மட்டும்தான் பேசும். கிரகணம் பிடித்தால் ராஜாவுக்கு ஆபத்து, நாட்டுக்குப் பஞ்சம், அவ்வளவுதான். இப்போது மது காய்ச்சுகிறவன், வெங்காயம் விற்கிறவன், தோல் பதனிடுகிறவன் என்று எல்லோர் வீட்டுத் தொட்டிலையும் அது எட்டிப் பார்க்கிறதாம். வானத்துக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது.

லபாஷியின் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இருந்தது. அந்தப் 'பன்னிரண்டு வீடு' அவன் கைவேலை. இருபது வயதில், அவனும் இன்னும் இரண்டு பேரும் கணக்கு சுலபமாக வேண்டும் என்பதற்காக நிலா நடக்கும் பாதையைப் பன்னிரண்டாக வெட்டினார்கள். பன்னிரண்டு மாதம், மாதத்துக்கு முப்பது நாள்; அதேபோலப் பன்னிரண்டு வீடு, வீட்டுக்கு முப்பது பாகம். வானத்தில் இருக்கிற தேள் முப்பது பாகத்துக்குள் அடக்க ஒடுக்கமாகப் படுத்திருக்கவில்லை. தராசு எங்கே முடிகிறது, தேள் எங்கே தொடங்குகிறது என்று அங்கே எந்தச் சாமியும் வேலி போடவில்லை. வேலி போட்டது இவர்கள் மூன்று பேர், ஒரு மத்தியான வேளையில், வெங்காயமும் ரொட்டியும் தின்றுகொண்டே. தானியம் அளக்க மரக்கால் செய்வது போலச் செய்தார்கள். அந்த மரக்காலை மனிதன் தலையில் கவிழ்ப்பார்கள் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

ஷூலாவுக்குக் கணக்கு வராது. அதனால் எண்களை லபாஷிதான் கொடுப்பான். 'நான் எண்ணை மட்டும்தான் கொடுக்கிறேன், பலன் சொல்கிறவன் அவன்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். பிறப்புக்கு ஒரு குடம் மது வரும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? லபாஷி மூன்று வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டுதான் குடித்தான்.

இன்று விடியற்காலையிலும் கொடுத்திருந்தான். ஷூலா ஓடிவந்து, "அண்ணே, ஏதெல்லு வீட்டுல கடைசி ஜாமத்துல புள்ள பொறந்திருக்கு. நிலா எங்க, செவ்வாய் எங்க, சீக்கிரம் சொல்லுங்க," என்றான். ஏதெல்லு கோயிலுக்கு மது காய்ச்சிக் கொடுக்கிறவன், பெரிய கை. லபாஷி நனைந்த சால்வையைப் பிழிந்துகொண்டே பழைய பலகைகளைப் புரட்டினான். செவ்வாய் நாற்பத்தேழு வருடத்துக்கு ஒருமுறை அதே நாளில் ஏறக்குறைய அதே இடத்துக்குத் திரும்பி வரும். நாற்பத்தேழு வருடத்துக்கு முன் எவனோ பார்த்து எழுதியதை எடுத்துப் படித்தால் போதும். நிலாவுக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. "நிலா தேள் வீட்டுல ஒரு பாகம். செவ்வாயும் அங்கேயே ரெண்டு பாகம்," என்று சொன்னான். தன் கண்ணால் பார்க்கவில்லை என்பதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

இப்போது, ஷூலா தரையில் போட்ட முள்ளை லபாஷி காலால் தள்ளிக்கொண்டிருந்தபோது, மருத்துவச்சி புசாசா உள்ளே வந்தாள். முழங்கைவரை ரத்தம் காய்ந்திருந்தது. லபாஷியின் பிள்ளைகள் நால்வரையும் கையில் ஏந்தியவள் அவள். பதிவு அறைக்குள் பெண்கள் வரக்கூடாது என்று காவலன் வாசலில் கத்தியதை அவள் காதிலேயே வாங்கவில்லை.

"ஏப்பா லபாஷி, வானத்தை அளந்து கிழிச்சது போதும். தெருவுல வந்து பாரு, நீ அளந்த லட்சணத்தை."

"என்னக்கா ஆச்சு?"

"ஏதெல்லு பொண்டாட்டி நுப்தா ராத்திரி பூரா கத்திக் கதறிப் பெத்தா. பொட்டப்புள்ள. ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளுது. கொடி அறுத்துட்டு நான் கையக்கூடக் கழுவல. அதுக்குள்ள இந்த ஆளு எழுதிக் கொடுத்த மண்ணாங்கட்டியக் கேட்டுட்டு," என்று ஷூலாவை நோக்கி மோவாயை நீட்டினாள், "அந்தப் படுபாவி புள்ளையைக் கூடையில போட்டுத் தெருவுல வெச்சுட்டான்."

லபாஷி ஷூலாவைப் பார்த்தான். "என்னடா எழுதின?"

"சாஸ்திரத்துல உள்ளதைத்தானே எழுத முடியும்? நிலாவும் செவ்வாயும் தேள் வீட்டுல சேர்ந்தா, புள்ள வீட்டுத் தலைவனைத் தின்னும். செவ்வாய்னா யாரு? நெர்கல். கொள்ளைநோய்ச் சாமி. நான் என்ன பண்ண? எண்ணு நீங்க குடுத்ததுதானேண்ணே."

சொல்லிக்கொண்டே நகத்தால் பல்லைக் குத்தினான்.

தெருவில் பிள்ளையை வைப்பது பாபிலோனுக்குப் புதிதில்லை. தகப்பனுக்கு அந்த உரிமை உண்டு. அப்படி வைத்த பிள்ளையை யார் வேண்டுமானாலும் எடுத்து வளர்க்கலாம். ஆனால் அதற்கும் ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள்: நாய் வாய் வைத்து, ரத்தம் வந்தபிறகுதான் எடுக்கலாம். அதற்கு முன் தொட்டால் தகப்பன் வீட்டுப் பொருளைத் திருடியதாகும். நாய் கடித்துவிட்டால் தகப்பன் கைவிட்டான் என்று அர்த்தம், எடுத்தவருக்குச் சொந்தம். அப்படி எடுத்து வளர்த்தவர்களுக்கு 'நாய்வாயன்' என்றே பெயர் வைப்பார்கள். முகத்திலோ காலிலோ தழும்போடு தெருவுக்கு ஒரு நாய்வாயன் இருக்கிறான். ஊரே அதைப் பெரிய தர்மமாகப் பேசும். எத்தனை கூடை வைத்தார்கள், எத்தனை நாய்வாயன் மிஞ்சினான் என்று மட்டும் ஒருவனும் கணக்கெடுத்ததில்லை. வாற்கோதுமை விலையை முந்நூறு வருடமாக எழுதி வைக்கிற ஊர் இது.

"நாய் வந்துடுச்சாக்கா?"

"மூணு நிக்குது. என் தங்கச்சி மக குச்சியோட நிக்கிறா. குச்சியால விரட்டறதும் தப்பாம், அவன் ஆளு சொல்றான். நாய் பட்டும் படாம வாய் வெக்குமாம். நாய்க்கு அளவு தெரியுமா? அளவு தெரிஞ்ச உங்களுக்கே தெரியல."

லபாஷி பலகையை ஈரத்துணியோடு தூக்கி இடுப்பில் அணைத்துக்கொண்டான். பலகை கோயிலைவிட்டு வெளியே போகக்கூடாது. போனது. "இதுல மேகம்னு எழுதியிருக்கு. பார்க்கலைன்னு எழுதியிருக்கு. காட்டினாப் போதும், புள்ளைய உள்ள எடுத்துடுவான்," என்று சொல்லிக்கொண்டே ஓடினான். உண்மையைச் சொன்னால் போதும் என்று நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனிதன் நம்பினான். அவனை என்னவென்று சொல்வது?

புசாசா முன்னால் நடந்தாள். ஷூலா தொந்தியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான்.

ஏதெல்லுவின் வீட்டுச் சுவரோரம்தான் மது காய்ச்சிய சக்கையைக் கொட்டுவார்கள். புளித்த நாற்றம் தெருமுனையிலேயே மூக்கில் ஏறியது. நாய்கள் தினமும் அங்கே சக்கை தின்ன வருகிற நாய்கள். கூடையை வைக்க அவனுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்கவில்லை. நாணல் கூடை, அதில் ஒரு பழைய கம்பளித் துணி. குச்சியோடு நின்ற பெண்ணை ஏதெல்லுவின் ஆள் தள்ளி நிறுத்தியிருந்தான். எதிரே திண்ணைபோன்ற செங்கல் மேடையில் நாலைந்து பேர் மதுச்சாடியைச் சுற்றி உட்கார்ந்து, நாணல் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள்.

"கறுப்புதான் மொதல்ல வாய் வெக்கும் பாரு."

"ம்ஹூம், அந்தச் சொறிநாய்தான். கறுப்பு காலைலயே சக்கை தின்னுடுச்சு."

சொல்லிவிட்டு மறுபடி உறிஞ்சினான்.

ஏதெல்லு வாசற்படியில் நின்றான். குளித்து, தாடிக்கு எண்ணெய் தடவிச் சுருள் சுருளாக வாரி, கழுத்தில் புதிதாக ஒரு தாயத்து. லபாஷியைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்தான்.

"வாங்கய்யா, வாங்க. நீங்களே வந்துட்டீங்களா! என் கெட்ட காலத்தைப் பாத்தீங்களா?"

"புள்ளைய உள்ள எடுங்க. அந்தக் கணக்கு நிக்காது. நான் கண்ணால பார்க்கலை. மேகம். பழைய பலகையப் பாத்துச் சொன்னேன். அது ரெண்டு மூணு பாகம் முன்னப்பின்ன இருக்கும். நிலா தேளோட வாசப்படியில நிக்குது, ரெண்டு பாகம் தள்ளினா அது தராசு வீடு. செவ்வாயும் அப்படித்தான்."

ஏதெல்லு தாடியைத் தடவியபடி யோசித்தான். "அப்ப தேள் வீட்டுல இல்லைன்னு உறுதியாச் சொல்றீங்களா?"

"உறுதியா எப்படிச் சொல்றது? பார்க்கலைங்கறேன்."

"இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருக்கலாம்..."

"பாத்தீங்களா!" ஏதெல்லு குடிகாரர்கள் பக்கம் திரும்பினான். "ஐயாவே சொல்றாரு, இருந்திருக்கலாமாம்!" பிறகு குரலைத் தாழ்த்தி, "திரிஞ்சிருக்கலாம்னு தெரிஞ்ச பாலை நீங்க குடிப்பீங்களா? எனக்கு மட்டும் ஆசையா? நானும் அழுதேன்யா," என்றான்.

அழுதுதான் இருந்தான். கண் சிவந்திருந்தது. அதைப் பார்த்தபோதுதான் லபாஷிக்கு உண்மையாகவே குமட்டியது. கொடுமைக்காரன் என்றால் திட்டிவிட்டுப் போகலாம். இவன் அழுது முடித்து, குளித்து, தாடி வாரிக்கொண்டு வந்து, நாய்க்காகக் காத்திருந்தான்.

வீட்டுக்குள்ளே யாரோ கதவை உள்ளங்கையால் அடித்தார்கள். "மழை தூறுதே, என் புள்ள நனையுதே," என்று நுப்தாவின் குரல். கதவைப் பூட்டியிருந்தார்கள்.

கறுப்புநாய் சக்கையை மோந்தது. பிறகு கூடையை மோந்தது. மூக்கைத் துணிக்குள் விட்டது.

குழந்தை அழுதது. பெரிய அழுகை இல்லை; கரகரவென்று, நனைந்த கயிற்றை இழுப்பது போல ஒரு சத்தம். லபாஷியின் முதுகுத்தண்டில் அது ஏறி இறங்கியது.

"ஏதெல்லு," என்றான். வாய் தானாகப் பேசியது. "கிட்ட வாங்க. தெருவுல வெச்சுச் சொல்லக்கூடாத விஷயம். பதிவு காயற வரைக்கும், தெரிஞ்சவன் தெரிஞ்சவனுக்குத்தான் காட்டலாம், தெரியாதவனுக்குக் காட்டினா சாமி குத்தம். அதனாலதான் மறைச்சேன்."

"என்னத்தை மறைச்சீங்க?"

"மேகம் கலைஞ்சுது. ஒரு கை அகலம்தான். நான் பார்த்தேன்."

ஏதெல்லுவின் முகம் மாறியது. உண்மையைச் சொன்னபோது வாசற்படியில் நிறுத்தியவன், ரகசியம் என்றதும் தோளில் கைபோட்டான். "என்ன பார்த்தீங்க?"

"நிலா தராசு வீட்டுல. செவ்வாய் ரெண்டு முழம் பின்னால, அதே தராசுல. பக்கத்துல வியாழன்."

"பதிவுல இருக்கா? இருந்தா ஷூலா படிக்கட்டும். உங்க ரெண்டு பேர் வாயும் ஒண்ணைச் சொன்னா நம்பறேன்."

ஷூலா தெருமுனையில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். இருபதடி இருக்கும். ஏதெல்லு அவன் பக்கம் திரும்பிக் கையசைத்தான். லபாஷி சுவர்ப்பக்கம் திரும்பி, மழையிலிருந்து மறைப்பவன் போலக் குனிந்து, துணிக்குள் கையை விட்டான். 'மேகம், பார்க்கவில்லை' என்ற வரி விரலுக்குத் தட்டுப்பட்டது. கட்டைவிரலை அதன்மேல் வைத்து இழுத்தான். தடவினால் போய்விடும் என்று ஷூலா சொன்னது சரிதான். வெண்ணெய் மாதிரிப் போய்விட்டது. காதில் செருகியிருந்த நாணல் எழுத்தாணியை எடுத்து அந்த இடத்தில் புது வரியைக் குத்தினான். முந்நூறு வருடத்தில் யாரும் செய்யாத வேலை, பத்து மூச்சில் முடிந்தது.

ஷூலா வந்து பலகையை வாங்கினான். காலையில் அதில் என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியும். புதுக் குத்துகள் விளிம்பு கூர்மையாக, ஈரம் பளபளக்க நின்றன. அவன் லபாஷியின் கட்டைவிரலைப் பார்த்தான். அதில் அப்பியிருந்த மண்ணைப் பார்த்தான். பிறகு மெல்லச் சிரித்தான். சொந்தக்காரனைத் தூரதேசத்தில் கண்டுகொண்டவன் சிரிப்பது போன்ற சிரிப்பு. அந்தச் சிரிப்பை லபாஷி சாகும்வரை மறக்கப்போவதில்லை.

"இருக்கே!" என்று ராகம்போட்டுப் படித்தான் ஷூலா. "'மேகம் கலைந்தது, பார்த்தேன். நிலா தராசில். செவ்வாய் இரண்டு முழம் பின்னே, தராசில். வியாழன் அருகில்.' ஏதெல்லு, வியாழன்னா நம்ம பெரிய சாமி பேலோட நட்சத்திரம்யா! தகப்பனுக்கு ஆயுசு கெட்டி. தொழில் பெருகும். தங்கத்தைக் கொண்டுபோய்த் தெருவுல வெச்சிருக்கியே!"

அந்த நேரத்தில்தான் கறுப்புநாய் துணியோடு சேர்த்துக் குழந்தையின் காலைக் கவ்வியது. புசாசா அலறினாள். ஏதெல்லு பாய்ந்து நாயை எட்டி உதைத்து, கூடையிலிருந்து குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்து, "என் ராசாத்தி, உன்னை எந்தப் பாவி இங்க கொண்டுவந்து வெச்சான்!" என்று கதறினான். உண்மையாகவே கதறினான். குதிகாலில் இரண்டு பல்தடம், அவ்வளவுதான். குடிகாரர்கள் குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "பேல் காப்பாத்திட்டாரு," என்றார்கள். ஒருவன் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டான்.

லபாஷி தெருமுனைக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தான்.

மத்தியானம் ஏதெல்லு வீட்டிலிருந்து இரண்டு சாடி மதுவும், சுட்ட வாத்து ஒன்றும் வந்தன. வாத்தின் தோல் எண்ணெயில் பொன்னிறமாக மினுங்கியது. லபாஷி அதை அப்படியே தூக்கித் தெருநாய்களுக்குப் போட்டான். அவற்றின்மேல் அவனுக்குக் கோபம் இல்லை. அவை பசித்துத்தான் வந்தன.

"வீணாக்கறீங்களேண்ணே," என்று ஷூலா பின்னாலிருந்து சொன்னான். "உங்களுக்குள்ள இப்படி ஒரு ஆள் இருக்கான்னு தெரியாமப் போச்சே! இனிமே எண்ணும் நீங்க, எழுத்தும் நீங்க, பலன் மட்டும் நான். நமக்கு மேகமே கிடையாது." தோளைத் தட்டினான். "பயப்படாதீங்க. நான் வெளிய சொல்லுவேனா? சொன்னா அந்தப் புள்ள மறுபடி கூடைக்குப் போயிடுமே."

அவன் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. இரக்கமாகத்தான் சொன்னான். அதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது.

மாதம் முடிந்தது. புதுப் பிறையைப் பார்த்தாயிற்று. மறுநாள் காலை நல்ல வெயில். பலகையை வெளியே வைக்க வேண்டிய நாள். புசாசா கோயில் வாசலுக்கு வந்து லபாஷியைக் கூப்பிட்டனுப்பினாள்.

"பால் நல்லாக் குடிக்குது," என்றாள். "கால் ஆறிடுச்சு. நுப்தா உனக்குக் கும்புடு சொன்னா. நீ ஏன் எழவு வீட்டு மூஞ்சியோட இருக்க?"

"அக்கா, அந்த வரி பொய்."

"எனக்குத் தெரியாதா? குனிஞ்சு நின்னு நீ நோண்டினதை நானுந்தான் பாத்தேன். பொய்யால ஒரு உசுரு நின்னுச்சு. உண்மையைச் சொல்லி நீ என்ன கிழிச்ச?"

"அது இல்லக்கா. நாற்பத்தேழு வருஷம் கழிச்சு, இதே கிஸ்லீமு, இதே இருபத்தஞ்சு. செவ்வாய் எங்கேன்னு அன்னிக்கு ஒருத்தன் கேப்பான். இங்க இருக்கிறவன் இந்தப் பலகையைத்தான் எடுத்துப் படிப்பான். தராசுல ரெண்டு முழம் பின்னாலன்னு நான் எழுதியிருக்கேன். அதை நம்பித்தான் அவன் எண்ணு சொல்லுவான். அன்னிக்குத் தராசுல செவ்வாய் இருந்தா என்ன பலன்னு இந்த ஷூலாவோட வாரிசு எவன் எழுதி வெச்சிருப்பானோ!"

"அதுக்குள்ள ஜனங்களுக்குப் புத்தி வந்து, இந்தக் கருமாந்திரத்தையெல்லாம் தூக்கிப் போட்டிருப்பாங்க," என்றாள் புசாசா.

லபாஷி கோயில் வாசலைக் காட்டினான். மழைமேகத்தைத் தாண்டிப் பார்க்கிற கண் லபாஷிக்கு இருக்கிறது என்று ஷூலா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். பதினாறு பேர் வரிசையில் நின்றார்கள். முதலில் நின்றவன் கையில் உரித்த கோழி. புசாசா அவர்களைப் பார்த்துவிட்டுத் தரையில் துப்பினாள். பிறகு முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

அவன் உள்ளே போய்த் துணியை விலக்கினான். களிமண்ணின் விளிம்பு இன்னும் இளகலாகத்தான் இருந்தது. பலகையின் ஓரத்தில், ஷூலாவின் கட்டைவிரல் பதிந்த இடத்துக்குப் பக்கத்தில், இரண்டு சொல் குத்த இடம் இருந்தது. 'மேகம், பார்க்கவில்லை.' அவ்வளவு போதும். நாற்பத்தேழு வருடம் கழித்துப் படிக்கிறவன் புரிந்துகொள்வான். இந்த வரியை ஒதுக்கிவிட்டு வேறு பலகையைத் தேடுவான். ஆனால் அதற்கு முன்னால், இன்று மாலையே, கோயில் எழுத்தர் இதைச் சபையில் வாய்விட்டுப் படிப்பார். சபையில் ஏதெல்லு உட்கார்ந்திருப்பான். அவன் வீட்டுச் சுவரோரம் சக்கை இன்னும் கிடக்கிறது.

எழுத்தாணியைக் கையில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு அதை மறுபடி காதில் செருகினான். பலகையை எடுத்துக்கொண்டு வெளியே போய், வெயிலில், செங்கல்மேல் வைத்தான்.

இந்தக் குழந்தை அழுததை அவன் காதால் கேட்டிருந்தான். நாற்பத்தேழு வருடம் கழித்து வரும் அந்தக் குழந்தை இன்னும் பிறக்கவில்லை.

உச்சிவேளைக்குள் பலகை காய்ந்துவிட்டது. தட்டிப் பார்த்தான். கணீரென்றது.